ஹிரோஷிகே மீன் படத்துக்கு ஃபிரேம்: மதுரை மேலமாசி வீதிக் கடை எப்படி?

தேக்குச் சட்ட வேலை அருமை. மூலை இணைப்பில் நூல்கூட நுழையாது. ஆனால் 1830களில் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே தொடங்கிய மீன் வரிசையின் மர அச்சுத் தாளைச் சொல்லாமல் கொடுத்துவிட்டு வராதீர்கள். சாமி படம் போல ஃபெவிகால் தடவி அட்டையில் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் உரித்தால் தாள் கிழியும். பின்புறம் அச்சுக்காரர் அழுத்தித் தேய்த்த சுழித்தடம் மறைந்துபோகும். கையால் அச்சிட்டதற்கு அதுதான் அடையாளம்.

அமிலமற்ற அட்டையை நீங்களே வாங்கிக் கொடுங்கள். மேல் விளிம்பில் மட்டும், இரண்டு இடத்தில், கோதுமை ஸ்டார்ச் பசையில் ஜப்பானியத் தாள் துண்டு வைத்துத் தொங்கவிடச் சொல்லுங்கள். செல்லோ டேப் வேண்டவே வேண்டாம், மஞ்சள் கறை போகாது. கண்ணாடிக்கும் தாளுக்கும் 3 மி.மீ. இடைவெளி கேளுங்கள், ஒட்டியிருந்தால் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும். மதுரை வெயில் விழும் சுவரில் மாட்டினால் படத்தில் உள்ள குசும்பப்பூச் சாயச் சிவப்பு முதலில் வெளுக்கும், பிரஷ்யன் நீலம் தாங்கும்.

சொன்னால் பொறுமையாகக் கேட்டுச் செய்கிறார்கள். அதற்காகவே போகலாம்.