கல்பாக்கம் வேக ஈனுலை: பணம் கட்டியவர் தரப்பிலிருந்து ஒரு மதிப்புரை

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களின் கண்ணில் அணுசக்தி வளாகத்தின் கட்டடங்களும் படும். அந்த வளாகத்தில் அமைந்த 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையை, அதாவது எரிப்பதைவிடக் கூடுதலாக எரிபொருளை உண்டாக்கும் அணு உலையை, நாட்டின் பெருமை என்று சிலரும் ஆபத்து என்று சிலரும் பேசிவிட்டுப் போகிறார்கள். வரிப்பணத்தில் வாங்கிய பொருள் என்ற கணக்கில், சொன்ன விலை என்ன, சொன்ன நாள் என்ன, கிடைத்தது என்ன என்று கேட்பவர்கள் குறைவு என்பதால் அந்தக் கேள்விகளோடு மட்டும் இதை எழுதுகிறேன்.

2003 செப்டம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தபோது சொன்ன விலை ரூ.3,492 கோடி, முடிக்க வேண்டிய நாள் 2010 செப்டம்பர். இதற்கென்றே பாவினி என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டு, 2004 அக்டோபரில் கட்டுமானம் ஆரம்பமாயிற்று. இரண்டே மாதத்தில் வந்த சுனாமி அடித்தளக் குழியைக் கடல்நீரால் நிரப்பியதில் சில மாதங்கள் போயின. அதை யார்மேலும் குற்றமாகச் சுமத்த முடியாது. ஆனால் ஏறத்தாழ 13 மீட்டர் விட்டமுள்ள முதன்மைக் கலன் (உலையின் மையப்பகுதியைத் தாங்கும் பெரும் பாத்திரம்) உலைக்குழிக்குள் இறக்கப்பட்டது 2009 டிசம்பரில்தான். அப்போது கெடுவுக்கு மீதி இருந்தவை ஒன்பது மாதங்கள். கூரை போட்டபிறகுதான் செலவும் வேலையும் கூடும் என்பது சொந்தமாக வீடு கட்டியவர்கள் அறிந்ததே. மதிப்பீடு பிறகு ரூ.5,677 கோடியாகி, அதற்கும் மேலே ஏறியது. 2024 மார்ச் 4 அன்று பிரதமர் முன்னிலையில் உலையின் மையப்பகுதியை நிரப்பும் பணி தொடங்கியபோது, முதல் கெடு கடந்து 13 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

தாமதத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் சோம்பல் அல்ல, சோடியம் என்றுதான் நான் நினைக்கிறேன். பள்ளி ஆய்வகத்தில் எங்கள் வேதியியல் ஆசிரியர் மண்ணெண்ணெய்க்குள் கிடந்த சோடியத்தை எடுத்து, வெண்ணெயை நறுக்குவதுபோல் கத்தியால் பட்டாணியளவு நறுக்கித் தண்ணீரில் போடுவார்; அது சீறிக்கொண்டு நீர்ப்பரப்பில் ஓடி மஞ்சளாகப் பற்றிக்கொள்ளும்போது முதல் வரிசை மாணவர்கள் தாமாகவே பின்னுக்கு நகர்வார்கள். கல்பாக்கத்து உலையில் ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட அதே உலோகம் உருகிய நிலையில், சுமார் 550 பாகை செல்சியஸ் வரை சூடேறி, உலையின் வெப்பத்தை எடுத்துச் செல்வதற்காகச் சுற்றி வர வேண்டும். அந்த வேலைக்குத் தண்ணீரைப் பயன்படுத்தினால் அது நியூட்ரான்களின் வேகத்தைக் குறைத்துவிடும். வேகம் குறையாத நியூட்ரான்கள் இருந்தால்தான் யுரேனியம்-238 புளூட்டோனியமாக மாறி, எரித்ததைவிடக் கூடுதலாக எரிபொருள் ஈன முடியும். அந்த வெப்பத்தால் நீராவி உண்டாக்கும் நீராவியாக்கியிலோ குழாய்ச் சுவரின் ஒருபக்கம் சோடியமும் மறுபக்கம் தண்ணீரும் இருக்கின்றன. அங்கே ஒரு மயிரிழை விரிசல்கூட வரக்கூடாது. ஜப்பானின் மோன்ஜு உலையில் 1995இல் சோடியம் கசிந்து தீப்பிடித்தபிறகு அது சரியாக எழவே இல்லை. 2016இல் மூடிவிட முடிவெடுத்தார்கள். இதே வகையில் 1980 முதல் ஓடும் ரஷ்யாவின் பிஎன்-600 இருப்பதால், முடியாத காரியம் என்றும் சொல்வதற்கில்லை.

மின்சாரத்துக்காக மட்டும் வாங்கியிருந்தால் இது மோசமான கொள்முதல். ஆனால் நாம் வாங்கியதில் கைத்தேர்ச்சியும் அடக்கம். இதே வளாகத்தின் சிறிய சோதனை ஈனுலை பிரெஞ்சு வடிவமைப்பை ஒட்டியது. 1974 பொக்ரான் சோதனைக்குப் பிறகு செறிவூட்டிய யுரேனியம் பிரான்சிலிருந்து வராது என்றானதும், நம் விஞ்ஞானிகள் புளூட்டோனியம் மிகுந்த கார்பைடு எரிபொருளைத் தாங்களே உருவாக்கி 1985இல் அதை இயக்கினார்கள். அந்த உலை 40 மெகாவாட் என்ற முழு வெப்பத்திறனை எட்டியது 2022இல். இந்தத் துறையில் பொறுமைக்கு அளவுகோல் வேறு என்பதை மறுக்கவில்லை. மணவாளக்குறிச்சி மணலில் உள்ள தோரியத்தை அணு எரிபொருளாகப் பேரளவில் பயன்படுத்தும் கட்டத்துக்குப் போக ஈனுலைதான் வழி என்பதும் ஹோமி பாபா காலத்திலிருந்து தொடரும் திட்டம்.

என் மனக்குறை வாடிக்கையாளரை நடத்திய விதத்தில்தான். கெடு தவறும் ஒவ்வொரு முறையும் புதிய நாள் ஒன்று சொல்லப்பட்டது. முந்தைய நாள் ஏன் தவறியது என்ற விளக்கம் அதே உரத்த குரலில் வந்ததில்லை. பணமும் பொறுமையும் தாராளமாகத் தந்த அரசு, கணக்கு கேட்பதில் மட்டும் கஞ்சத்தனம் காட்டியிருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் சிறு அணு உலைகளின் ஆராய்ச்சிக்கு ரூ.20,000 கோடி அறிவித்து, உள்நாட்டில் வடிவமைத்த ஐந்து உலைகளாவது 2033க்குள் இயங்கும் என்று சொல்லியிருப்பதால் இது பழங்கதை ஆகிவிடவில்லை. தொழில்நுட்பத்துக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண்ணும், நேரத்துக்கும் விலைக்கும் ஒன்றும் தருவேன். அடுத்த கொள்முதலில் 2033 என்ற ஒற்றை ஆண்டு எனக்குப் போதாது. முதல் உலையின் கலன் எந்த மாதம் இறக்கப்படும் என்பதை இப்போதே அச்சிட்டுத் தரட்டும்.