பச்சைத் தேநீரும் மூலிகைத் தேநீரும்: ஒரு சுவை ஒப்பீடு

பச்சைத் தேநீர் கசக்கிறது என்று ஒதுக்குபவர்களில் பலர் குறைசொல்ல வேண்டியது இலையை அல்ல, கொதிநீரையே. ஒரே இலையைக் கோப்பைக்கு 2 கிராம் வீதம் எடுத்து, 75 பாகை செல்சியஸ் நீரில் 2 நிமிடமும், கொதிக்கும் நீரில் அதே நேரமும் ஊறவைத்துப் பருகினேன். முன்னதில் மெல்லிய இனிப்பும் இளம்புல்லின் மணமும் தங்கின, பின்னதில் இலையிலுள்ள கேட்டச்சின்கள் எனும் துவர்ப்புப் பொருட்கள் மிகுதியாகக் கரைந்து நாவை இறுக்கும் துவர்ப்பே எஞ்சியது. ஆவியில் பதப்படுத்தப்படும் ஜப்பானிய சென்சாவில் கடற்பாசியை நினைவூட்டும் சுவை உண்டு (எல்லோருக்கும் உடனே பிடித்துவிடாது). வாணலியில் வறுக்கப்படும் சீன லோங்ஜிங்கில் வறுத்த கொட்டையின் மணம் எழுகிறது. அன்றாடத்திற்கு நான் தேர்வது பின்னதையே. பைகளில் வருபவை பெரும்பாலும் நொறுங்கிய இலை என்பதால் விரைவில் கசந்துவிடுகின்றன.

புதினா, சீமைச்சாமந்தி (கெமோமில்) போன்ற மூலிகை வகைகளில் தேயிலையும் இல்லை, காஃபீனும் இல்லை; அவற்றைக் கொதிநீரிலேயே 5 நிமிடம் தயங்காமல் ஊறவிடலாம். புதினா எதிர்பார்த்தபடியே இருந்தது. சீமைச்சாமந்தியில் ஆப்பிளின் சாயல் தெரிந்தது, ஆனால் பழைய இருப்பாக இருந்தால் வைக்கோல் வாடைதான் மிஞ்சும். செம்பருத்தி இனத்தைச் சேர்ந்த ரோசெல்லின் அடர்சிவப்பும் கூரிய புளிப்பும், ஆறவைத்துக் குளிரப் பருகும்போதே முழுமையாகத் துலங்குகின்றன.