ஓவர்ஃப்ளோ ஹிடனா, மின்-வித் பூஜ்ஜியமா?

இணையப் பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் (CSS) மொழியில் அமைத்த ஒரு செய்திப் பெட்டி. இடது பக்கம் 48 பிக்சலில் முகப்படம், அதை ஒட்டிப் பெயரும் செய்தியும். கணினியில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. 360 பிக்சல் அகலப் போனில் திறந்தேன். யாரோ ஒட்டிய நீண்ட இணைய முகவரி பெட்டியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. விரல் வைத்தால் பக்கமே பக்கவாட்டில் நகர்ந்தது.

இந்த மாதிரி நேரத்தில் கை முதலில் போவது, பெட்டிக்கு வெளியே வழிவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ: ஹிடன் (overflow: hidden) பக்கம்தான். உடனே பலிக்கும். ஆனால் முகவரி மட்டுமா வெட்டுப்படும்? பொத்தானின் நிழல், கீழே விரியும் மெனு, கீபோர்டால் நகர்பவருக்கு இடம் காட்டும் ஃபோகஸ் கோடு, எல்லாமே விளிம்பில் அறுபடலாம். உள்ளே பொசிஷன்: ஸ்டிக்கி போட்ட பகுதி இருந்தால் பக்கத்தை உருட்டும்போது அது ஒட்டி நிற்காது. காரணம் எங்கோ மேலே ஒரு வரியில் இருப்பதால் சட்டென்று பிடிபடவும் செய்யாது.

குறைந்தபட்ச அகலத்தைச் சொல்லும் மின்-வித்: 0 (min-width: 0) கோளாறின் வேருக்கே போகிறது. ஃபிளெக்ஸ் என்பது உள்ளிருப்பவற்றை வரிசையாக அடுக்கும் பெட்டி. அதன் பிள்ளைகளுக்கு, அதாவது நேரடியாக உள்ளே இருக்கும் பெட்டிகளுக்கு, மின்-வித் இயல்பாகவே ஆட்டோ. உள்ளே இருக்கும் உடைக்க முடியாத நீளச் சொல்லின் அகலத்துக்குக் கீழே சுருங்க மாட்டேன் என்று அவை அடம்பிடிக்கும். பூஜ்ஜியம் கொடுத்தால் இறங்கி வரும். அடுக்குக்குள் அடுக்கு இருந்தால்தான் தலைவலி. நான் செய்திக்கு மட்டும் போட்டேன், அசையவே இல்லை. அதன் தாய்ப் பெட்டியும் இன்னொரு ஃபிளெக்ஸின் பிள்ளை! அங்கேயும் போட்ட பிறகுதான் பெட்டி அடங்கியது. அப்போதும் முகவரி வெளியே வழிந்தது. நீளச் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோகும் ஓவர்ஃப்ளோ-ராப்: பிரேக்-வேர்ட் (overflow-wrap: break-word) சேர்த்ததும் மடங்கிக்கொண்டது.

சரி, ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர் மட்டும் போதாதா? வெறும் எழுத்துக்குப் போதும். பிரேக்-வேர்ட் போல இல்லாமல், குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போதே அது சொல்லை உடைத்துப் பார்க்கும். ஆனால் அட்டவணைக்குள் போட்டால் ஒரு நெடுவரிசை ஓரெழுத்து அகலத்துக்கு ஒடுங்கிப்போகலாம். வரி மடியாத நிரல்துண்டுக்கும் அது உதவாது. அதற்குப் பெட்டிக்குள்ளேயே பக்கவாட்டில் உருட்டவிடும் ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ, மேலுள்ள அடுக்குகளுக்கு மின்-வித்: 0. கட்டங்களாக அடுக்கும் கிரிட்டில் இதே சிக்கல் வந்தால் 1எஃப்ஆர் (1fr, மீதி இடத்தில் ஒரு பங்கு) என்பதை மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) என்று மாற்றுங்கள்.

எந்த அடுக்கு நீட்டுகிறது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் 1 பிக்சலில் சிவப்பு அவுட்லைன் போடுங்கள். பார்டர் போல அது இடத்தை அடைக்காது. அதனால் அளவு எதுவும் மாறாமல், வரம்பு மீறும் பெட்டி கண்ணில் படும். ஹிடனை நான் வளைந்த மூலைக்குள் படத்தை அடக்க மட்டுமே வைத்திருக்கிறேன்.