சிவப்புத் தரைக்கு ஏற்ற வெளிர்நிறம்: ஒரு பெயிண்ட் கடையும் மூன்று சிறு டப்பாக்களும்

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு 1960-களில் கட்டப்பட்டது. படுக்கையறை 10 அடிக்கு 12 அடி. சிவப்பு ஆக்சைடு தரை, வடக்குப் பார்த்த ஒரே சன்னல், அதை ஒட்டினாற்போல் ஒரு வேப்பமரம். கண்ணை உறுத்தாத ஒரு லைட் கலரை இந்த அறைக்கு அடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர எங்களுக்கு வேறு ஆசை இருக்கவில்லை. அதை நிறைவேற்ற இரண்டு மாதங்களும், வீணாய்ப்போன 4 லிட்டர் டின் ஒன்றும் தேவைப்பட்டன. கடைசியில் வேலையை முடித்துக்கொடுத்தது தந்தையும் மகனும் நடத்தும் ஒரு பழைய பெயிண்ட் கடை. அதன் குறைகளையும் சொல்லப்போவதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை.

முதல் டின்னின் கதையைச் சொன்னால்தான் இந்தக் கடையின் அருமை புரியும். வீட்டுக்கே வந்து நிறம் தேர்ந்தெடுத்துத் தரும் சேவை ஒன்றை முதலில் அழைத்திருந்தோம். வந்த இளைஞர் அறையைப் படமெடுத்து, கையிலிருந்த டேப்லெட்டில் சுவர்களுக்கு ஒவ்வொரு நிறமாக ஏற்றிக் காட்டினார். திரையில் எல்லாமே அழகாகத்தான் இருந்தன. சாம்பல் சாயல் கொண்ட ஒரு வெளிர்நிறத்தை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். பகல் முழுவதும் அது சொன்னபடியே சாம்பலாக இருந்தது. மாலையில் டியூப்லைட்டைப் போட்டதும் நான்கு சுவர்களும் ஊதா பூத்துவிட்டன. "நாவப்பழம் கழுவின தண்ணி மாதிரி இருக்குடா" என்றார் அம்மா. அதைவிடத் துல்லியமாக அந்த நிறத்தை எந்த ஷேடு கார்டும் வருணித்திருக்காது.

புதிய கடைக்குப் போனபோது பெரியவர் ஷேடு கார்டைத் திறக்கவில்லை. தரை என்ன நிறம், சன்னல் எந்தத் திசை, இரவில் என்ன விளக்கு என்று மூன்று கேள்விகள் கேட்டார். "தரையைப் பார்க்காம சுவருக்குக் கலர் சொல்ல முடியாது சார்" என்றார். சாம்பல் என்று கடைகளில் விற்கப்படுபவற்றில் வெள்ளையும் கறுப்பும் மட்டும் கலந்தவை குறைவு என்றும், பெரும்பாலானவற்றில் சிவப்போ மஞ்சளோ நீலமோ சில துளிகள் ஒளிந்திருக்கும் என்றும், அந்தத் துளிகளே இரவு வெளிச்சத்தில் வெளியே வருகின்றன என்றும் அவர் விளக்கியபோதுதான் அந்த நாவற்பழ நிறம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தது. எங்கள் பழைய டியூப்லைட் 6500 கெல்வின் வகை. நீலம் மிகுந்த அந்த வெளிச்சம், நிறத்தின் அடியில் இருந்த செந்நீலச் சாயலைத் தூக்கிக் காட்டிவிட்டது. பகலில் ஒன்றாகவும் விளக்கில் வேறொன்றாகவும் தெரிவது பெயிண்டின் கோளாறு அல்ல. எந்த நிறமியும் தன்மீது விழும் ஒளியில் உள்ளதைத்தான் திருப்பித் தர முடியும்.

அந்த ஒளிந்த சாயலைக் கண்டுபிடிக்க அவர் காட்டிய வழி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஷேடு கார்டின் ஒரு பட்டையில் ஒரே குடும்பத்து நிறங்கள் வெளிரிலிருந்து அடர்த்தி வரை வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். மேலே இருக்கும் வெளிர்நிறத்தை மட்டும் பார்த்தால் எல்லாமே ஆஃப் வைட்தான். அதே பட்டையின் அடியில் உள்ள அடர்ந்த நிறத்தைப் பார்த்தால், அது செங்கல்லா, பாசியா, மஞ்சளா என்பது சட்டென்று புலப்படும். நாங்கள் முன்பு தேர்ந்தெடுத்த சாம்பலின் பட்டையைக் கடையிலேயே விரித்துப் பார்த்தோம். அடியில் கத்தரிக்காய் நிறம் இருந்தது.

திசை பற்றியும் ஒரு திருத்தம் கிடைத்தது. வடக்குப் பார்த்த அறை வெயிலே படாமல் நீலம் பாரித்துக் குளிர்ந்திருக்கும், ஆகவே அங்கே மஞ்சள் சாயல்தான் வேண்டும் என்று இணையத்தில் படித்துவிட்டுப் போயிருந்தேன். அது லண்டனுக்குப் பொருந்தும். சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் எங்கள் வடக்குச் சன்னல் வழியே காலையிலும் மாலையிலும் நேர்வெயில் சாய்ந்து விழுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டே இருந்தும், படித்ததை நம்பினேன் பாருங்கள். பெரியவருக்குப் பாகைக் கணக்கெல்லாம் இல்லை. "வெயில் காலத்துல வடக்கு சன்னல்லயும் வெயில் அடிக்குமே, அப்ப மஞ்சள் கூடிடும்" என்று மட்டும் சொன்னார்.

இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் அவர்களுடைய சாம்பிள் டப்பாக்கள். 1 லிட்டருக்குக் குறைத்துக் கலக்க மாட்டோம் என்று வேறு இரண்டு கடைகளில் சொன்னார்கள். இங்கே 200 மில்லி அளவில் கலந்து, டப்பா ஒன்று 150 ரூபாய் என்று தருகிறார்கள். மூன்று நிறங்களை வாங்கினோம். நேராகச் சுவரில் அடித்தால் பழைய நிறம் சுற்றிலும் நின்று கண்ணைக் குழப்பும் என்பதால், பிரைமர் பூசிய மெல்லிய பிளைவுட் பலகைகளில் இரண்டு கோட் அடிக்கச் சொன்னார்கள். ஈரமாக இருக்கும்போது எமல்ஷன் வெளிறித்தான் தெரியும், காய்ந்தபின் ஒரு படி அடரும். ஆகையால் மறுநாள் வரை எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்ற எச்சரிக்கையும் கூடவே வந்தது. அந்தப் பலகைகளைத் தரையோரம், சன்னலுக்கு எதிரில், கட்டிலின் தலைமாட்டில் என்று இடம் மாற்றி மாற்றி ஐந்து நாள் வைத்துப் பார்த்தோம்.

இளஞ்சிவப்பு ஒளிந்த கிரீம் முதல் நாளே தோற்றது. சிவப்புத் தரையில் பட்டுத் தெறிக்கும் ஒளி சுவரின் கீழ்ப்பாதியில் ஏற்கெனவே செம்மையைப் பூசுகிறது. அதனோடு இதுவும் சேர்ந்து பலகை ரோஸ் பவுடர் போலாகிவிட்டது. செம்மையை அடக்கட்டும் என்று வாங்கிய பச்சைச் சாயல் கொண்ட சாம்பல், கணக்குப்படி பொருந்தியிருக்க வேண்டும். ஆனால் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்த சாம்பலில் கண் தானாகவே கொஞ்சம் பச்சையைக் கூட்டிக்கொள்கிறது. அதன்மேல் வேப்பிலைகளின் வழியே வடிந்து வரும் காலை வெளிச்சமும் சேர்ந்ததில், பலகை பாசி பிடித்த தொட்டிச் சுவராகத் தெரிந்தது. மூன்றாவது, காவி மஞ்சளும் மிகச் சிறிது கறுப்பும் கலந்த நிறம். வெளுக்காத கோராத் துணியின் நிறம் என்று சொன்னால் பலருக்கும் புரியும். காலையில் வெண்மையாகவும், நான்கு மணி வெயிலில் சற்றே பொன்னாகவும், இரவில் துணியாகவும் இருந்தது. ஊதாவாகவோ பச்சையாகவோ ஒரு முறைகூட மாறவில்லை. அதன் எல்.ஆர்.வி., அதாவது கறுப்பை 0 என்றும் தூய வெள்ளையை 100 என்றும் கொண்டு ஒளியை எவ்வளவு திருப்பித் தருகிறது என்று சொல்லும் எண், 72. அதே குடும்பத்தில் இன்னும் அடர்ந்ததை எடுக்கலாமா என்று நான் கேட்டபோது மகன் தடுத்துவிட்டார். நான்கு சுவர்களும் ஒரே நிறமாகும்போது ஒளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்வந்து சாயலைக் கூட்டும் என்பதால், பலகையில் போதாது போலத் தோன்றுவதே அறையில் போதும் என்றார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

அம்மாவுக்கு மட்டும் முழுத் திருப்தி இல்லை. சுண்ணாம்பில் ஒரு கைப்பிடி நீலம் போட்டு வெள்ளையடித்த சுவர்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு, நீலம் பாரித்ததுதான் வெள்ளை. மஞ்சள் தட்டினால் அது அழுக்கு. அதனால் விளக்கையும் மாற்றினோம். 6500 கெல்வின் டியூப்பை எடுத்துவிட்டு, நீலம் குறைந்த 4000 கெல்வின் போட்டபின், சுவர் அழுக்காகத் தெரிகிறது என்ற பேச்சு நின்றது. விளக்கைப் பற்றிக் கடைக்காரர்கள் தாமாகவே சொன்னார்கள் என்பதையும், அவர்கள் விளக்கு விற்பவர்கள் அல்லர் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஃபினிஷ் விஷயத்தில் அதிகம் யோசிக்கவில்லை. மினுமினுப்பில்லாத மேட் வகை, சுவரைச் சமன்செய்யப் பூசிய பட்டியின் மேடுபள்ளங்களை மறைக்கும் என்றாலும், கட்டிலில் சாய்ந்து உட்காரும் இடத்தில் தலையெண்ணெய்க் கறை பிடித்தால் துடைத்து எடுப்பது கடினம். எனவே இலேசான மினுமினுப்புள்ள, துடைக்கக்கூடிய எமல்ஷனை எடுத்தோம். கதவும் சன்னலும் போக எங்கள் சுவர்ப்பரப்பு ஏறத்தாழ 390 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு 3 லிட்டர் போதும் என்று கணக்குப் போட்டுவிட்டு, தொட்டு அடிக்க மிச்சம் இருக்கட்டும் என்று 4 லிட்டர் டின்னாக வாங்கினோம். 2,300 ரூபாய் ஆயிற்று.

இனிக் குறைகள். கடை காலை பத்தரைக்குத்தான் திறக்கிறது. மேஸ்திரிகளோ எட்டரைக்கே வந்து நிற்கிறார்கள். தொலைபேசியை எடுப்பது அரிது. வண்டி நிறுத்த இடமில்லை. சாம்பிள் டப்பாக்களுக்குத் தனி ரசீது தரவில்லை. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத ஒன்றும் உண்டு. கலவை இயந்திரம் எந்த நிறமியை எத்தனை மில்லி விட்டது என்று காட்டும் சீட்டை மூடியில் ஒட்டித் தர வேண்டும்; இவர்கள் நிறத்தின் எண்ணை மட்டும் மார்க்கரில் எழுதிக் கொடுத்தார்கள். நாங்களும் கேட்டு வாங்கவில்லை. ஆறு மாதம் கழித்து ஏசி மாட்டுவதற்காகச் சுவரைத் துளைத்தபோது, மிச்சம் வைத்திருந்த பெயிண்ட் டின்னுக்குள் இறுகிப்போயிருந்தது. அதே எண்ணைச் சொல்லி 1 லிட்டர் கலந்து வாங்கினேன். இப்படிப்பட்ட வெளிர்நிறத்துக்கு 1 லிட்டரில் விழும் நிறமி மிகச் சொற்பம் என்பதால், அதில் ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் சுவரில் தெரிந்துவிடும். புதியது ஒரு நூல் மஞ்சளாக வந்தது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டியபோது பெரியவர் டின்னைத் திறந்து பார்த்து, ஒப்புக்கொண்டு, காசு வாங்காமல் மறுபடி கலந்து கொடுத்தார். அதுவும் அருகில் வந்ததே ஒழிய அச்சாக வரவில்லை. கடைசியில் ஏசி இருக்கும் அந்த ஒரு சுவரை மட்டும் மூலையிலிருந்து மூலைவரை முழுதாக அடித்துவிடச் சொன்னார். மூலையில் ஒளி திரும்பும் இடத்தில் அந்த வேற்றுமை மறைந்துவிடுகிறது. இந்த முறை சீட்டைக் கேட்டு வாங்கி, பீரோ கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்.