கொலையாளி யாரென்று சொன்னால் குழுவிலிருந்து நீக்கம்

பழைய துப்பறியும் படங்களை ஆன்லைனில் கூட்டமாகப் பார்க்கும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் போன வருடக் கடைசியிலிருந்து இருக்கிறேன். சேரலாமா என்று அலுவலகத்தில் சிலர் கேட்டார்கள், அதனால் எழுதுகிறேன்.

கட்டணம் கிடையாது. இங்கே சிங்கப்பூரில், தோ பாயோவில் இருக்கும் ஓர் அக்கா நடத்துகிறார். ஆட்களில் பாதிப் பேர் சிங்கப்பூர். மற்றவர்கள் ஜொகூர், பினாங்கு, சென்னை, கோவை. மாதம் ஒரு படம், சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு. இந்தியாவில் அப்போது ஏழு மணிதான் என்பதால் முக்கியமான விசாரணை நடக்கும்போது கோவையிலிருந்து "தோசை ஊற்றிவிட்டு வருகிறேன், என்ன ஆச்சு என்று யாராவது சொல்லுங்கள்" என்று ஒரு செய்தி வரும். யாரும் சொல்ல மாட்டார்கள். அதுதான் விதி.

படத்தை யாரும் யாருக்கும் அனுப்புவதில்லை. உரிமை உள்ளவர்களே வெளியிட்டிருக்கும் படமாகப் பார்த்துத்தான் அக்கா தேர்ந்தெடுப்பார். சுட்டி வந்ததும் அவரவர் டிவியில் திறந்து, முதல் நொடியில் நிறுத்திவைத்து, அவர் "ப்ளே" என்று போட்டதும் அழுத்த வேண்டும். பேச்செல்லாம் கைப்பேசியில்.

கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் விளம்பரம் வந்து கெடுக்கும். சந்தா கட்டியவர்களுக்குப் படம் தடங்கலில்லாமல் ஓடும், மற்றவர்களுக்கு நடுநடுவே நின்று நின்று ஓடும். அரை மணி நேரத்தில் குழு இரண்டாகப் பிரிந்துவிடும். முன்னால் போன கூட்டம் "ஐயய்யோ!" என்று போடும்போது எங்கள் வீட்டில் சலவைத்தூள் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். துப்பறியும் படத்தில் இருபது நொடி முன்னால் வரும் ஓர் "ஐயய்யோ" போதும், அடுத்த காட்சியே வீண். இப்போது அக்கா அவ்வப்போது "41:10" என்பதுபோல நேரத்தைப் போடுகிறார்; முந்தியவர்கள் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். பாதி சரியாகியிருக்கிறது. பொறுமையில்லாத அங்கிள் ஒருவர் மட்டும் இன்னும் யாருக்காகவும் நிற்பதில்லை.

இவ்வளவு தொல்லைக்கும் ஈடாக இருப்பது இடைவேளை. கடைசி இருபது நிமிடத்துக்கு முன்னால் படத்தை நிறுத்திவிடுவார். கொலையாளி யார், ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரும் அக்காவுக்குத் தனியாக அனுப்ப வேண்டும். பெயர் மட்டும் எழுதினால் கணக்கில் வராது, காரணம் வேண்டும். பிறகு யார் எழுதியது என்று சொல்லாமல் எல்லாவற்றையும் குழுவில் போடுவார். ஒரே காட்சியை ஒவ்வொருவரும் எப்படிப் பார்த்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். சென்ற முறை ஒருவர், வேலைக்காரர் கதவைச் சாத்திய விதம் சரியில்லை என்று பத்து வரி எழுதியிருந்தார். தனியாகப் பார்த்தால் எனக்குக் கதவே கண்ணில் பட்டிருக்காது.

இந்த முறைக்கென்றே எடுத்தது போன்ற படம் 'அந்த நாள்'. 1954-ல் ஏவி.எம். தயாரித்தது, இயக்கம் பிற்காலத்தில் வீணைக்குப் பேர்போன எஸ். பாலசந்தர். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. ஆரம்பத்திலேயே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி விழுகிறார். அப்புறம் மனைவி, தம்பி என்று ஒவ்வொருவராக விசாரணை. வசனம் எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாக வந்து, அவசரமே இல்லாமல் கேள்வி கேட்பார். ஒவ்வொருவர் சொல்லும் கதையிலும் செத்தவர் வேறொரு மனிதராகத் தெரிவார். ஒரு கதை முடிந்ததும் குழுவில் சந்தேகம் இன்னொருவர் மேல் தாவும். மனைவியாக வரும் பண்டரிபாய்க்குப் பரிந்து பேச ஒரு கட்சியே உருவானது.

கதை நடக்கும் காலம் 1943, சென்னையில் ஜப்பானிய விமானம் குண்டு போட்ட அக்டோபர். இதைப் பற்றித்தான் அன்று ராத்திரி பேச்சு நீண்டது. சென்னைக்காரர்களுக்கு அது எங்கோ நடந்த போர் திடீரென்று வாசலுக்கு வந்த மாதம். இங்கே சிங்கப்பூரில் அப்போது ஊர் பெயரே சியோனான், ஜப்பானியர் வைத்தது. ஜப்பானியர் ஆட்சி தொடங்கி ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதே அக்டோபர் 21-ம் தேதி இங்கே கத்தே கட்டடத்தில் நேதாஜி சுதந்திர இந்திய அரசை அறிவித்தார். ஜப்பானியர் துணையோடு போரிட்ட இந்திய தேசிய ராணுவத்தில் தன் தாத்தா சேர்ந்ததைச் சொன்னார் ஒருவர். தாத்தாவை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை என்றார் இன்னொருவர், ஜொகூர்க்காரர். படத்தில் ஜப்பான் என்ற சொல் வரும்போது இவர்கள் இருவர் காதிலும் ஒரே மாதிரி விழாது. யாரும் யாரையும் மடக்கவில்லை. அக்காவும் நேரமாகிறது என்று வெட்டவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்தது அது.

'புதிய பறவை' (1964) போட்ட இரவு நேர்மாறு. சிவாஜி சிங்கப்பூரிலிருந்து கப்பலில் ஊர் திரும்புகிறவர் என்பதால் இங்குள்ளவர்களுக்கு ஒரே குஷி. 'பார்த்த ஞாபகம் இல்லையோ' வந்ததும், சௌகார் ஜானகி பாடும் அந்த இரவு விடுதி எந்த ரோட்டில் இருந்திருக்கும் என்று ஆளாளுக்கு ஆராய்ச்சி. வேடிக்கையாகத்தான் இருந்தது, ஆனால் படத்தை யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு மலரும் நினைவு. இடைவேளைக் கேள்வியும் அதற்குப் பொருந்தவில்லை. அந்தப் படத்தில் கேட்க வேண்டிய கேள்வியே வேறு, கேட்டாலே பாதி ரகசியம் போய்விடும். அக்கா வழக்கம்போலக் கேட்டார், போயே போய்விட்டது.

ஆங்கிலப் படம் எப்போதாவது வரும். பேசில் ராத்போன் ஷெர்லாக் ஹோம்ஸாக நடித்த 14 படங்களில் ஒன்று, 1946-ல் வந்த 'டெரர் பை நைட்'. லண்டனிலிருந்து எடின்பரோ போகும் ரயிலில் வைரத்தைக் காப்பாற்றும் கதை. ஒரு மணி நேரம்தான். பழைய ஒலிப்பதிவில் அந்த உச்சரிப்பு பிடிபடாமல் என் மாமியார் பாதியில் படுக்கப் போய்விட்டார்.

மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய தமிழ்ப் படங்கள் எல்லாம் அவருக்கு முடிவோடு தெரியும். 'அந்த நாள்' முழுக்க வாய் நிறைய முறுக்கை வைத்துக்கொண்டு ரகசியத்தைக் காப்பாற்றினார். நான் தப்பான ஆளை எழுதி அனுப்பியதை எட்டிப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு. இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் பக்கத்தில் உட்காரவைக்காதீர்கள்.

படத்தை அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இது சரிவராது. கைப்பேசி நிமிடத்துக்கு நாலு தடவை மினுங்கும். பழைய படம் என்றால் பாட்டுதான் என்பவர்களுக்கும் ஏமாற்றமே. வாதம் பிடித்தவர்கள் தாராளமாக வரலாம். அடுத்த மாதம் 'நடு இரவில்', அதுவும் பாலசந்தர் படம்தான். ஒரே மாளிகைக்குள் பெரிய கூட்டம் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படம். கைப்பேசித் திரையில் பார்த்தால் யார் செத்தார் என்பதே தெரியாது, டிவியில் போடுங்கள். இந்த முறை அங்கிளுக்கு மட்டும் ஐந்து நிமிடம் தாமதமாக "ப்ளே" சொல்லப் போவதாக அக்கா சொல்லியிருக்கிறார்.