அட்டாக் ஆன் டைட்டன் 34: திட்டித் தீர்த்த முடிவைப் புத்தகமாக வாங்கலாமா?

டைட்டன் என்னும் ராட்சதர்களைப் பற்றிய இந்த ஜப்பானிய மாங்கா படக்கதையின் கடைசி வால்யூமை வாங்கலாமா என்று கேட்பவரிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: நீங்கள் எந்த முடிவைப் படித்தீர்கள்? ஏனென்றால் இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் இருக்கின்றன. 2021 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய மாத இதழில் வந்த 139ஆம் அத்தியாயம் ஒன்று. அதே ஆண்டு ஜூன் 9 அன்று 34ஆம் வால்யூமில் கூடுதலாக எட்டுப் பக்கங்களோடு வந்தது இன்னொன்று. 2023 நவம்பரில் அனிமே என்னும் அசைபடத் தொடரில், கதையை எழுதி வரைந்த ஹஜிமே இசயாமா தானே வசனத்தை மாற்றி எழுதிக் கொடுத்தது மூன்றாவது. முடிவைப் பற்றிச் சண்டை போடுபவர்களில் பாதிப் பேர் ஒரே முடிவைப் படித்தவர்களே அல்ல.

இனி முழுக்கதையும் வெளிப்படும். படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதிகமாகத் திட்டு வாங்கியது நாயகன் எரெனின் சிறுவயது நண்பன் ஆர்மினின் ஒரு வசனம். சுவர்களுக்குள் வாழும் தன் மக்களுக்காக, வெளியுலக மக்களில் 80 விழுக்காட்டினரை எரென் டைட்டன்களை ஏவி மிதித்துக் கொன்ற பிறகு, "எங்களுக்காகக் கொலைகாரனாக மாறியதற்கு நன்றி" என்று ஆர்மின் சொல்வதாகத்தான் முதலில் பரவிய ரசிகர் மொழிபெயர்ப்புகளில் இருந்தது. அத்தியாயம் வெளியான சில மணி நேரத்தில் அந்த ஒற்றைப் படக்கட்டம் மட்டும் தனியாக வெட்டப்பட்டு எல்லாத் திசையிலும் போனது. கதையிலேயே நியாய உணர்வு மிகுந்தவன் இனப்படுகொலைக்கு நன்றி சொல்கிறான் என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்? கட்டத்தை முன்பின் பக்கங்களோடு படித்தால் ஆர்மின் அந்தச் செயலைப் பிழை என்றுதான் பார்க்கிறான் என்பது புரியும். ஆனாலும் எழுத்து அங்கே இடறியது உண்மை. இசயாமா அதை மாற்றியதே அதற்குச் சான்று. அனிமேயில் இருவரும் இரத்தம் தேங்கிய நீரில் நிற்கிறார்கள். வெளியுலகைப் பற்றிய ஆசையை எரெனுக்கு ஊட்டியது தான்தான் என்று ஆர்மின் பழியில் பங்கெடுத்து, நரகத்திலும் சேர்ந்தே இருப்போம் என்கிறான். அதே காட்சி, அதே இருவர், ஆனால் எடை முற்றிலும் வேறு. புத்தகத்தில் இந்த மாற்றம் கிடையாது. அதற்காகவே வாங்க நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

அடுத்த குற்றச்சாட்டு எரென் அழுவது பற்றியது. தன்னை நேசிக்கும் சிறுவயதுத் தோழி மிக்காசா வேறு யாரையும் நேசிக்கக் கூடாது, தன்னைப் பத்து ஆண்டுகளாவது நினைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று அவன் புலம்பும் பக்கம். "இவனா எரென்?" என்று கேட்டவர்கள் ஏராளம். இதில் நான் இசயாமாவின் பக்கம். 28ஆம் வால்யூமில் 112ஆம் அத்தியாயத்தை எடுத்து, மிக்காசாவைச் சிறுவயதிலிருந்தே வெறுத்தேன் என்று அவன் சொல்லும் இடத்தைப் படியுங்கள். உடனே 31ஆம் வால்யூமுக்குத் தாவி 123: "நான் உனக்கு யார்?" என்று அவன் கேட்கும் இடம். பிறகு 33ஆம் வால்யூமில் 131: தான் கொல்லப்போகும் அகதிச் சிறுவன் ரம்ஸியிடம் முன்கூட்டியே அழுது மன்னிப்புக் கேட்கிறான், சுவருக்கு வெளியே மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று தெரிந்தபோது ஏமாற்றமே வந்தது என்று ஒப்புக்கொள்கிறான். இந்த மூன்றையும் படித்துவிட்டு 138, 139க்கு வந்தால் அழுகிற எரென் புதியவன் அல்ல. நடுவில் வந்த இறுகிய முகம்தான் வேடம். நீங்கள் தடுப்பீர்கள் என்று தெரிந்திருக்காவிட்டாலும் உலகைத் தரைமட்டமாக்கியிருப்பேன் என்று 139இல் சொல்வதும் 131இல் விதைத்ததுதான்.

மாதம் ஓர் அத்தியாயம் என்று படித்தவர்களுக்கு 131க்கும் 139க்கும் நடுவே எட்டு மாதங்கள். அந்த இடைவெளியை ஊகங்கள் நிரப்பின. 2018இல் ஒளிபரப்பான ஜப்பானிய ஆவணப்படத்தில், குழந்தையைக் கையில் ஏந்தி "நீ சுதந்திரமானவன்" என்று ஒருவர் சொல்லும் ஒரு கட்டம் காட்டப்பட்டது. அது எரெனின் குழந்தை, தாய் அரசி ஹிஸ்டோரியா என்று பெரிய கோட்டையே கட்டப்பட்டது. கோட்டை இடிந்த கோபம் கதையின் மீது திரும்பியது. சிலர் மாற்று முடிவையே வரைந்து வெளியிட்டார்கள். ஹிஸ்டோரியாவின் கர்ப்பத்தை அவ்வளவு மர்மமாகக் காட்டிவிட்டு அவளைக் கடைசியில் ஓரமாக நிறுத்தியது ஆசிரியரின் குறைதான். அதை நான் மறுக்கவில்லை.

உண்மையான ஓட்டை யிமிர், முதன்முதலில் டைட்டன் ஆற்றல் பெற்ற அடிமைப் பெண். 2000 ஆண்டுகள் அவள் அடிமைப்பட்டுக் கிடந்தது அரசன் ஃப்ரிட்ஸின் மேல் கொண்ட காதலால், மிக்காசா எரெனின் தலையை வெட்டியதைப் பார்த்ததும் அவள் விடுதலை பெற்றாள் என்று 139 சொல்கிறது. யிமிரின் முழு வாழ்க்கையும் காட்டப்பட்ட 122ஆம் அத்தியாயத்தில் இதற்கு இருக்கும் தடயம் மிகக் குறைவு: முத்தமிடும் மணமக்களை அவள் வெறித்துப் பார்க்கும் ஒரு கட்டம், அரசனுக்காக ஈட்டியைத் தன் உடலில் வாங்குவது, அவ்வளவுதான். நாக்கை அறுத்து, வேட்டை நாய்களை ஏவி, மகள்களுக்கே தாயின் உடலைத் தின்னக் கொடுத்தவன் மேல் காதல் என்றால், அந்தச் சிக்கிய மனத்தைக் காட்ட இன்னும் ஓர் அத்தியாயமாவது வேண்டும். இங்கே வாயால் சொல்லப்படுகிறது, அதுவும் எரெனின் வாயால். அவனுக்கே ஏன் என்று தெரியாது. மொத்தக் கதையும் தொங்கும் ஆணி இது. சரியாக அடிக்கப்படவில்லை.

இப்போது அந்த எட்டுப் பக்கங்கள். வால்யூமை வாங்குவதற்கு இதுதான் காரணம். இதழில் கதை மிக்காசாவின் கழுத்தில் ஒரு பறவை, எரென் முன்பு தந்த சால்வையைச் சுற்றிவிடுவதோடு நின்றது. நண்பர்கள் சமாதானத் தூதர்களாக வருகிறார்கள், மேலே பறவை; 80 விழுக்காடு சாவுக்குப் பிறகு இவ்வளவு மென்மையா என்ற கேள்வி நியாயமானது. கூடுதல் பக்கங்களில் மிக்காசா ஒரு குடும்பத்தோடு எரென் புதைக்கப்பட்ட மரத்தடிக்கு வருகிறாள், முதுமையடைகிறாள், சால்வையோடு புதைக்கப்படுகிறாள். பின்னால் நகரம் வளர்கிறது, வானளாவுகிறது, குண்டு விழுகிறது, இடிபாட்டில் காடு ஏறுகிறது. ஒரு சிறுவன் நாயோடு, யிமிர் விழுந்து டைட்டன் ஆற்றல் பெற்ற மரத்தைப் போன்ற மரத்தை நெருங்குகிறான். பெரும்பாலும் வசனமே இல்லை. எரென் செய்தது எதையும் முடித்துவைக்கவில்லை என்று கதை தானே தீர்ப்பு எழுதுகிறது. படுகொலையை நியாயப்படுத்துகிறது என்ற குற்றச்சாட்டுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. இதைப் படிக்காமல் திட்டியவர்கள் மறுபடி பார்க்க வேண்டும்.

வாங்கும் விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலத் தனி வால்யூம் 34இல் 135 முதல் 139 வரையிலான அத்தியாயங்கள் இருக்கும். இதை மட்டும் வாங்குவது வீண். குறைந்தது 33ஐயும் சேர்த்து வாங்கி ஒரே மூச்சில் படியுங்கள். பல வால்யூம்களைப் பெரிய அளவில் ஒன்றாகக் கட்டிய கொலோஸல் பதிப்பின் ஏழாம் புத்தகத்தில் 31 முதல் 34 வரை ஒன்றாக இருக்கின்றன. இரட்டைப் பக்கப் படங்கள் பெரிதாகத் தெரியும். ஆனால் கனம் அதிகம், எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு படிக்க முடியாது. தடித்த முதுகு நடுப்பக்க ஓவியத்தைக் கொஞ்சம் விழுங்கவும் செய்யும். சிங்கப்பூரில் கடையில் என்றால் ஆர்ச்சர்ட் ரோடு நீ ஆன் சிட்டியில் உள்ள கினோகுனியாவில் முதலில் பாருங்கள். பழைய பிரதிகளுக்கு பிராஸ் பாசா காம்பிளெக்ஸ் புத்தகக் கடைகள், அல்லது பழைய பொருள்களை விற்கும் காருசெல் இணையச் சந்தை.

காருசெல்லில் முழு செட் சந்தேகப்படும்படி மலிவாக இருந்தால் உள்பக்கப் படம் கேளுங்கள். கள்ள அச்சில் கறுப்பு சாம்பலாக வெளுத்திருக்கும், சாம்பல் நிழல்களில் அலை அலையாகக் கோடு தெரியும், ஓரத்தில் வசனக் குமிழ் வெட்டுப்பட்டிருக்கும். நல்ல பிரதியாகவே இருந்தாலும் நம் ஊர் ஈரப்பதம் தாளைப் பழுப்பாக்கிப் புள்ளி விழச் செய்யும். ஓரங்களையும் முதல் பத்துப் பக்கங்களையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். வீட்டில் சன்னலோரம் வைக்காமல் மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். விரித்து அழுத்தினால் பசை முதுகு பிளந்துவிடும்.

வெள்ளி செலவழிக்கத் தயங்குபவர்கள் தேசிய நூலக வாரியத்தின் செயலியில் தேடிப் பாருங்கள். இரவல் காலம் 21 நாள், கடைசி நான்கு வால்யூம்களுக்குத் தாராளம். பிள்ளைகளுக்கு எடுப்பவர்கள் பதிப்பாளர் குறித்திருக்கும் வயது 16க்கு மேல் என்பதை மதிக்கவும். 131ஆம் அத்தியாயத்தில் குழந்தைகள் நசுங்கும் பக்கங்கள் உண்மையிலேயே தாங்க முடியாதவை.

கடைசிப் பக்கம் முடிந்ததும் மூடிவிடாதீர்கள். பள்ளிக்கூட உலகில் நடக்கும் வேடிக்கைக் கிளைக்கதையின் முடிவு பின்னால் இருக்கிறது. அங்கே எரென், மிக்காசா, ஆர்மின் மூவரும் திரையரங்கிலிருந்து வெளியே வந்து, தாங்கள் பார்த்த படத்தின் முடிவைப் பற்றி விவாதிக்கிறார்கள். 2024 நவம்பரில் ஜப்பானில் வெளியான திரைப்படத் தொகுப்பும் இதை ஒட்டிய காட்சியோடுதான் முடிகிறது. நூலகப் பிரதியைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதையும் படித்துவிடுங்கள்.