வேலூர் சுற்றுலா இணையதளங்கள்: இடம் தேடலாம், கிழமையை நீங்கள்தான் குறிக்க வேண்டும்

"வேலூர் சுற்றுலா" என்று போனில் தேடினால் நீளமான பட்டியல் வரும். கோட்டை, ஸ்ரீபுரம் தங்கக் கோயில், ஏலகிரி மலை, ஜலகாம்பாறை அருவி, காவலூர் வானாய்வகம், அமிர்தி அருவி, சோளிங்கர் கோயில். அதை அப்படியே வரிசையாக எழுதி இரண்டு நாளுக்குப் பங்கு போட்டால் பாதிப் பொழுது காரில்தான் போகும். இணையதளங்கள் தரும் தகவல் தவறென்று சொல்ல வரவில்லை. பட்டியலை வைத்துப் பயணம் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது.

முதலில் எந்தத் தளம். மாவட்ட நிர்வாகத்தின் அரசுத் தளத்தில் சுற்றுலா என்றொரு பகுதி உண்டு. அங்கே விளம்பரம் இல்லை, யாருக்கும் ரூம் விற்கும் அவசரமும் இல்லை. இடத்தின் பெயர், படங்கள், எப்படி அடைவது என்ற குறிப்பு இவற்றுக்கு அதுவே போதும். ஆனால் ஒரு தளத்தோடு நிறுத்தக்கூடாது. 2019 நவம்பர் 28 முதல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகிவிட்டது. ஏலகிரி, ஜலகாம்பாறை, காவலூர், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடு, வாலாஜா, சோளிங்கர் ராணிப்பேட்டை. வேலூருக்கு மிஞ்சியது கோட்டை, ஸ்ரீபுரம், அமிர்தி, வள்ளிமலை, விரிஞ்சிபுரம், குடியாத்தம் பக்கம். ஆகவே மூன்று மாவட்டத் தளங்களையும் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் வேலூர் தலைப்பில் போட்டிருக்கும் பக்கத்தைக் கண்டால், அது பிரிவினைக்கு முந்தைய பட்டியலைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம். அதிலுள்ள மற்ற விவரங்களையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

அடுத்தது கிழமை. திட்டம் உடைவது பெரும்பாலும் இங்கேதான். கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் பொதுமக்களுக்கு உரிய நாள் சனிக்கிழமை. இந்த இரண்டையும் காகிதத்தில் முதலில் எழுதிவிட்டால் மற்ற இடங்கள் தானாக அமையும்: சனிக்கிழமை ஏலகிரியும் காவலூரும், ஞாயிறு கோட்டையும் ஸ்ரீபுரமும்.

காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. அது ஆராய்ச்சிக்கு. வருபவர்கள் கண் வைத்துப் பார்ப்பது சிறிய தொலைநோக்கியில். குழந்தைகளிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏமாந்துபோவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. வழி வாணியம்பாடி, ஆலங்காயம். வானம் பார்த்துவிட்டு இருட்டில் மறுபடி ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவதைவிட, அன்றிரவு வாணியம்பாடியில் தங்குவது மேல்.

கோட்டைக்குக் காலையில் போங்கள். "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு" என்று வேலூரைச் சொல்வார்கள். நடுவில் உள்ளது 1981இல் பொய்யாகிவிட்டது. அந்த ஆண்டு ஜலகண்டேஸ்வரரை மீண்டும் கோட்டைக் கோயிலுக்குள் கொண்டுவந்தார்கள், பூஜை நடக்கிறது. அதனால்தான் நேரமும் கணக்கில் வருகிறது: மதியம் நடை சாத்துவார்கள். கல்யாண மண்டபத்துத் தூண்களில் முன்கால் தூக்கிய குதிரைகளும் யாளிகளும் ஒரே கல்லில் நிற்கின்றன. கடிவாள வாரின் முடிச்சு வரை செதுக்கியிருக்கும் இந்த மண்டபத்துக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். "கோட்டை, ஒரு மணி நேரம்" என்று திட்டம் போட்டுத் தரும் தளங்களை இந்த ஒரு விஷயத்தில் நம்பாதீர்கள். 133 ஏக்கர் இடம் அது.

ஸ்ரீபுரம் வேலூரிலிருந்து எட்டுக் கிலோமீட்டர். தூரம் சொல்லும் தளங்கள் நடையைச் சொல்வதில்லை. நட்சத்திர வடிவப் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நடந்தால்தான் வெளியே வர முடியும், நடுவில் திரும்ப வழியில்லை. முட்டிவலி உள்ள பெரியவர்கள் வந்தால் இதை யோசித்து முடிவு செய்யுங்கள். அரைக்கால் சட்டைக்கு அனுமதியில்லை. போனை வெளியே கொடுத்துவிட்டுப் போக வேண்டியிருப்பதால், குடும்பம் பிரிந்தால் சந்திக்கும் இடத்தை முன்பே பேசிவையுங்கள். மாலை நாலு மணிக்கு மேல் போனால் விளக்கொளியில் தங்கத்தையும் பார்க்கலாம், கல்தரையின் சூடும் குறைந்திருக்கும்.

தூரத்தில் பெரிய வில்லங்கம் ஜலகாம்பாறை. ஏலகிரிப் பட்டியலில் "அருகில்" என்று இருக்கும், வரைபடத்திலும் ஒட்டினாற்போல்தான் தெரியும். அருவி மலையின் மறுபக்கச் சரிவில் இருக்கிறது. மேலேயிருந்து போவது காட்டு நடைபாதை. காரில் போக வேண்டுமென்றால் மலையிறங்கி, திருப்பத்தூர் போய், அங்கிருந்து சுற்றி வர வேண்டும். மழை ஓய்ந்த கையோடு போனால்தான் தண்ணீர் கொட்டும். சித்திரையில் போனால் பாறைதான். அமிர்தி அருவிக்கும் இதே கணக்கு. மே மாதம் வேலூரில் 40 டிகிரி சாதாரணம், பதினொன்றிலிருந்து நாலு வரை வெளியில் எதையும் வைக்காதீர்கள்.

ரயில் டிக்கெட் எடுக்கும்போது "வேலூர்" என்று அடித்தால் வரும் கன்டோன்மென்ட் நிலையம் திருவண்ணாமலை, விழுப்புரம் போகும் பாதையில் உள்ளது. சென்னை, பெங்களூரு ரயில்களுக்குக் காட்பாடி என்று அடியுங்கள். ஏலகிரிக்கு ஜோலார்பேட்டை. சோளிங்கர் பெயர் கொண்ட நிலையம் பாணாவரத்தில் இருக்கிறது, ஊருக்கு இன்னும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பஸ்ஸில் வந்தால் புதிய பஸ் ஸ்டாண்டு கிரீன் சர்க்கிள் பக்கம், கோட்டைக்கு அருகில் இருப்பது பழையது.

தங்குமிடம் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது சி.எம்.சி. மருத்துவமனை. அதைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த நோயாளிகள் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். சுற்றுலாவுக்கு வருகிறவர் அங்கே ரூம் தேடி அலைய வேண்டாம். காட்பாடி பக்கமோ நெடுஞ்சாலை ஓரமோ பாருங்கள். காரை நிறுத்தவும் இடம் கிடைக்கும்.

திருவிழா நாள்களைத் தளத்தில் தேடுவதைவிடத் தமிழ்க் காலண்டரில் பாருங்கள். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. கார்த்திகைக் கடைசி ஞாயிறு விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் குளத்தில் நீராட வருவார்கள். மதிலழகு பார்க்க மட்டும் போகிறவர்கள் வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். அன்று நிற்கவே இடமிருக்காது.

சாப்பாட்டுப் பக்கத்தில் எல்லாத் தளமும் ஆம்பூர் பிரியாணி என்றே எழுதும், சரிதான். வேலூரிலிருந்து ஏலகிரி போகும் வழியிலேயே ஆம்பூர் வருவதால் பகல் ஒரு மணிக்குள் அங்கே இருக்கும்படி கிளம்புங்கள். சீரகச் சம்பா சோறு, தொட்டுக்கொள்ளப் புளிப்பான கத்தரிக்காய், தயிர் பச்சடி. திரும்பும்போது இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயைக் கேட்டு வாங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது, அணைக்கட்டு வட்டாரத்துக் காய். காம்பையும் அதைச் சுற்றிய பச்சைத் தொப்பியையும் தடவிப் பாருங்கள், முள் குத்த வேண்டும்.